யாருக்கும் பிறந்தநாள் இல்லாத கேக்

சொக்லேற் கேக் வேகும் மணம் சுவரைத் தாண்டி எங்கள் வீட்டு மாடிப்படி வரைக்கும் வந்துவிட்டிருந்தது. ரொறன்ரோவில், ஸ்காபரோவின் வடக்கு மூலையில், மில்லிக்கனுக்குப் போகும் வழியில், ஒன்றோடொன்று தோள் ஒட்டி நிற்கும் வரிசை வீடுகளில் ஒன்றில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். பக்கத்து வீட்டில் என்ன பொரிக்கிறார்கள், யார் யாரோடு சண்டை பிடிக்கிறார்கள் என்பதெல்லாம் அந்த மெல்லிய சுவர் வழியே வந்துசேரும். தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. எனக்குப் பதினொரு வயது.

பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் அமெரிக்கர்கள். டேல் அங்கிளை அவர் வேலைசெய்த கம்பெனி ரெக்சஸிலிருந்து ரொறன்ரோக் கிளைக்கு அனுப்பியிருந்தது. அவருடைய மனைவி ஜூடியை நான் "ஜூடி அன்ரி" என்று கூப்பிட, அந்த "அன்ரி" என்ற சொல் அவருக்கு எப்படியோ பிடித்துப்போய், பிள்ளைகள் இல்லாத அந்த வீட்டில் எனக்கென்று ஒரு பிஸ்கற் டப்பாவே இருந்தது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே "தொய்வு". மூச்சு இழுத்து நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கினால், அப்பா மிசிசாகாவில் வேலையில் இருக்கும் நேரங்களில், அம்மா சுவரில் தட்டுவார். பனியோ மழையோ, மறு நிமிடம் ஜூடி அன்ரி கார்ச் சாவியோடு வாசலில் நிற்பார். ஆஸ்பத்திரி வாங்கில் என்னைப் பக்கத்தில் இருத்தி முதுகைத் தடவிக்கொண்டு, தனக்குத் தெரிந்த தேவாலயப் பாட்டுகளை முணுமுணுப்பார். அவரைவிட நல்ல மனிதரை அந்த வயதில் நான் அறிந்திருக்கவில்லை.

அப்பாவுக்கோ அமெரிக்கா என்றால் ஒரு பக்தி. பஃபலோவிலிருந்து வரும் ரிவி சானல்களில் நீதிமன்ற நாடகங்களையும் தேர்தல் கூட்டங்களையும் விடாமல் பார்ப்பார். குற்றவாளிகளுக்கு இரக்கம் காட்ட மாட்டேன் என்று ஒரு வேட்பாளர் கையை உயர்த்திச் சொல்ல, கீழே இருக்கும் சனம் எழுந்து ஆர்ப்பரிக்கும். "பாத்தியே, அங்க சட்டம் எண்டால் சட்டம்," என்று அப்பா என் பக்கம் திரும்பிச் சொல்வார். போர் நடந்த, சட்டம் இல்லாத ஊரிலிருந்து ஓடிவந்தவருக்கு அந்த ஆரவாரம் பாதுகாப்பாகப் பட்டிருக்க வேண்டும். அம்மா மட்டும் அந்த நேரங்களில் குசினிக்குள் எழுந்து போய்விடுவார். ஏன் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

அன்று மத்தியானம் ஜூடி அன்ரி வாசலுக்கு வந்து, பின்னேரம் கொஞ்சப் பேர் வருகிறார்கள், நீங்களும் வரவேணும் என்று அழைத்திருந்தார். கேக் மணத்தை வைத்து அது பிறந்தநாள் என்று நாங்களே முடிவுகட்டிக்கொண்டோம். அம்மா ரோல்ஸ் பொரித்தார். நான் ஒரு வாழ்த்து அட்டையில் பலூன்கள் வரைந்து, பெயர் எழுதும் இடத்தை மட்டும் வெறுமையாக விட்டுக்கொண்டு போனேன்.

உள்ளே டேல் அங்கிளின் கம்பெனியைச் சேர்ந்த இரண்டு மூன்று அமெரிக்கக் குடும்பங்கள். ரிவியில் சத்தமில்லாமல் பேஸ்போல் ஓடிக்கொண்டிருந்தது. மேசை நடுவில் கேக். அதில் மெழுகுதிரி இல்லை, பெயரும் இல்லை. "யாருக்குப் பிறந்தநாள்?" என்று அட்டையை நீட்டியபடி கேட்டேன். பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜூடி அன்ரி குனிந்து என் கன்னத்தைத் தொட்டு, அதே ஆஸ்பத்திரிக் குரலில் சொன்னார்: "யாருக்கும் இல்லை, கண்ணே. இன்று ஒரு கெட்ட மனிதன் சாகப்போகிறான்."

விஷயத்தை டேல் அங்கிள் சொன்னார். ஜூடி அன்ரியோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்த லின்டா என்ற பெண், ஒரு பெற்றோல் நிலையத்துக் கடையில் வேலைசெய்துகொண்டிருந்தபோது கொல்லப்பட்டாள். கொன்றவனுக்கு மரண தண்டனை. வருடக்கணக்காக இழுபட்ட வழக்கு அன்றுதான் முடிகிறது. ஜூடி அன்ரியின் தங்கை ரெக்சஸில் சிறைச்சாலைக்கு வெளியே ஒரு கூட்டத்தோடு நிற்கிறாள். முடிந்ததும் ரெலிபோன் எடுத்துச் சொல்லுவாள்.

நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். பாதி அவருக்கே விளங்கியிருந்தது. ரோல்ஸ் தட்டை மேசையில் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு கதிரை நுனியில் இருந்தார். எழுந்து போயிருக்கலாம். என் உயிரைப் பலமுறை காப்பாற்றிய வீட்டிலிருந்து எப்படி எழுந்து போவது என்று அவருக்குத் தெரியவில்லை போலும்.

ரெலிபோன் அடித்தது. ஜூடி அன்ரி பாய்ந்து எடுத்தார். கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். அவ்வளவுதான், அறை முழுவதும் கைதட்டத் தொடங்கியது. யாரோ விசிலடித்தார்கள். டேல் அங்கிள் மனைவியைக் கட்டிப்பிடித்தார். ஜூடி அன்ரி சிரித்தாரா அழுதாரா என்று சொல்ல முடியாத முகத்தோடு கத்தியை எடுத்துக் கேக்கை வெட்டி, முதல் துண்டை என்னிடம்தான் நீட்டினார்.

நான் வாங்கவில்லை. அம்மாவின் மடியிலிருந்த தட்டு சரிந்து ரோல்ஸ் எல்லாம் கம்பளத்தில் உருண்டிருந்தது. அம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தார். நான் அதுவரை கேட்டிராத ஒரு தட்டையான குரலில், "நான் சொல்லுறதை இவைக்கு இங்கிலீசில சொல்லு," என்றார்.

"எனக்கு ஒரு அண்ணை இருந்தவர் எண்டு சொல்லு."

சொன்னேன். சிவநேசன் மாமா, எங்கள் சுவாமிப் படத்துக்குப் பக்கத்தில் படமாகத் தொங்குபவர், நான் பிறந்த கொஞ்சக் காலத்தில் காய்ச்சலில் செத்துப்போனவர்.

"அவரைத் துரோகி எண்டு சொல்லி, இயக்கப் பொடியள் எங்கட சந்தி லைற் போஸ்ற்றில கட்டிவைச்சுச் சுட்டவை எண்டு சொல்லு."

காய்ச்சல் என்றுதானே சொன்னீர்கள் என்று கேட்க நினைத்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. "சொல்லு பிள்ளை," என்றார். என் மாமா எப்படிச் செத்தார் என்பதை, நான் அறிந்த அதே கணத்தில், அந்நியர் நிறைந்த அறையில், எனக்கே இன்னும் சரியாக வசப்படாத மொழியில் நான் சொன்னேன். துரோகி என்பதற்கு ஆங்கிலச் சொல் தெரியவில்லை. "பேட் மேன்" என்றேன்.

"சனம் பாக்க வந்தது. வேறை ஊர்ச் சனமில்லை, எங்கட ஒழுங்கைச் சனம்தான். கொஞ்சப்பேர் கை தட்டினவை. அந்தச் சத்தத்தை இண்டைக்குத் திரும்பவும் கேட்டனான் எண்டு சொல்லு."

டேல் அங்கிள்தான் மெல்லக் கேட்டார், உண்மையான பரிவோடுதான் கேட்டார்: "ஆனால் உங்கள் அண்ணன் ஒரு குற்றமும் செய்யவில்லைத்தானே? இவன் கொலைகாரன். இரண்டும் ஒன்றல்ல."

நான் மொழிபெயர்த்தேன். அம்மா "இல்லை, அவர் ஒண்டும் செய்யேல்லை" என்று சொல்வார் என்று காத்திருந்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் அந்த அறையில் எல்லோருக்கும் மூச்சு வந்திருக்கும். எனக்கும்தான்.

"செய்திருந்தால் கை தட்டலாமோ எண்டு கேள்," என்றார்.

கேட்டேன். அம்மா ஜூடி அன்ரியிடம் போய், கேக் பூசிய அந்தக் கையைப் பிடித்து, எனக்குக் காத்திராமல் தன் ஆங்கிலத்திலேயே, "லின்டா, ஐ க்ரை. திஸ், நோ," என்றார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

அப்பா வந்ததும் நான்தான் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், "உவங்கள் அமெரிக்கன்மார் உப்பிடித்தான்," என்றார். அம்மாவுக்குக் கோபம் வந்தது. "அமெரிக்கனைச் சொல்லாதேங்கோ. எங்கட சந்தியில கை தட்டினவன் அமெரிக்கனே? உந்த ரிவிப் பெட்டிக்கு முன்னால இருந்து நீங்கள் தலையாட்டேல்லையே?" அதன்பிறகு அப்பா தேர்தல் கூட்டங்கள் பார்த்து நான் காணவில்லை.

பக்கத்து வீட்டோடு பேச்சு நின்றது. பனி கொட்டும் மாரி தொடங்கி எனக்கு மறுபடி தொய்வு இழுத்த ஒரு பின்னேரம், அம்மா சுவருக்கு முன்னால் கையை உயர்த்தியபடி நின்றார். தட்டவில்லை. டாக்சிக்குப் போன் எடுக்க ரிசீவரைத் தூக்கும்போது வாசல் மணி அடித்தது. ஜூடி அன்ரி கார்ச் சாவியோடு நின்றார். என் இருமல் சுவருக்கு அப்பால் கேட்டிருக்கிறது. ஆஸ்பத்திரி வாங்கில் எனக்கு இரண்டு பக்கமும் இருவரும் இருந்தார்கள். அங்கேதான் ஜூடி அன்ரி என் தலைக்கு மேலால் அம்மாவிடம் கேட்டார்: "அவருடைய பெயர் என்ன?"

"சிவநேசன்."

அவர் அதை மூன்று முறை தவறாகச் சொன்னார். அம்மா ஒவ்வொரு முறையும் பொறுமையாகத் திருத்தினார். மன்னிப்பு என்ற சொல்லை இருவருமே சொல்லவில்லை. அன்று கை தட்டியது பிழை என்று ஜூடி அன்ரி ஒருபோதும் ஒப்புக்கொண்டதும் இல்லை. அடுத்த கோடையில் கம்பெனி அவர்களை ரெக்சஸுக்கே திருப்பி அழைத்துக்கொண்டது.

எனக்கு வாழ்நாளில் விழுந்த பெரிய அடி அந்த மாலைதான். கொடியவர்கள் கொடுமை செய்வதை ரிவியிலும் பெரியவர்களின் கதைகளிலும் நிறையக் கண்டிருந்தேன். ஆனால் என் முதுகைத் தடவிய கையே தட்டியது. சட்டமும் தேர்தலும் தேவாலயமும் உள்ள நாட்டுச் சனமும், ஒன்றுமில்லாத எங்கள் சந்திச் சனமும், செத்தவன் கெட்டவன் என்று யாரோ சொன்னதும் ஒரேமாதிரித்தான் தட்டினார்கள்.

அந்த வரிசை வீடுகளை இடித்து இப்போது கண்ணாடிக் கட்டடம் கட்டியிருக்கிறார்கள். அப்பா இல்லை. அம்மாவும் போய் இரண்டு மாரி கழிந்துவிட்டது. மாமா உண்மையில் யாரையும் இராணுவத்துக்குக் காட்டிக்கொடுத்தாரா என்று தெரிந்தவர்கள் ஒருவரும் மிச்சமில்லை. போன மாதம் என் மகன் போனில் எவனோ சுடப்பட்ட வீடியோவைப் பார்த்து, "குட், அவனுக்கு வேணும்," என்று சிரித்தான். பக்கத்தில் இருத்தி மாமாவின் கதையை முழுவதும் சொன்னேன். அவன் கவனமாகக் கேட்டான், கண்கூடக் கலங்கியது. கடைசியில், "பட் அம்மா, டிட் ஹி டூ இட்?" என்றான்.

அவனுடைய கையிலிருந்த போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தேன். தெரியாது என்று சொன்னேன். தெரிய வேண்டாம் என்றும் சொன்னேன்.