சுவிட்சுக்கு மேலே நான் போட்ட ஓட்டை

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் மேல் வீட்டில் இருக்கும் சுதன், மொட்டைமாடியில் செய்மதி (சாட்டிலைட்) இணையத் தட்டைப் பூட்டி, வீட்டு வாசலில் கமராவும் பொருத்தினார். எல்லாம் தன் கையாலேயே. "ஒரு வயரும் வெளியில தெரியேல்லை, எவ்வளவு வடிவாச் செய்திருக்கிறார்" என்று என் மனைவி வந்தவர்களிடமெல்லாம் புகழ, எனக்கு வயிறு எரிந்தது.

உடனே மருதானைக் கடைத்தெருவுக்குப் போய் கமராவும் ட்ரில் மெஷினும் வாங்கி வந்தேன். சுதனுடையதைவிடப் பெரிய கமரா. வாசல் விளக்குச் சுவிட்சுக்கு நேர் மேலே சுவரைத் துளைத்தேன். படாரென்று தீப்பொறி பறந்தது. ட்ரிப் சுவிட்ச் விழுந்து மின்சாரம் தானாக நின்றதால் உயிர் தப்பினேன்.

சத்தம் கேட்டு சுதன் இறங்கி வந்தார். "அண்ணை, சுவிட்சுக்கு வாற வயர் சுவருக்குள்ள நேர மேல இருந்துதானே வரும்" என்றார். மனைவியும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றதில் எனக்கு இன்னும் எரிந்தது.

பிறகு என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், சுவிட்சுக்கு மேலே சுவரில் தொங்கிய கலண்டரை விலக்கினார். பின்னால் என்னுடையதைப் போலவே கருகிய ஓட்டை.

"அக்காவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்றார் மெதுவாக, கீழே என் மனைவி இருந்த பக்கம் கையைக் காட்டி.

இப்போது மெயின் சுவிட்சை நிறுத்தாமல் சுவரில் ஓர் ஆணிகூட அடிப்பதில்லை. சுவிட்சுக்கும் பிளக்குக்கும் நேர் மேலேயோ கீழேயோ துளைப்பதே இல்லை. மனைவி இன்னும் சுதனைப் புகழ்கிறாள். அப்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் பெரும்பாடாக இருக்கிறது.