வெட்டாமல் விட்ட கயிறு

பேத்துப்பாறை ஊருக்கு மேலே ஒரு பாறைச் சரிவில், சுற்றுலா வருகிறவர்களைக் கயிறு கட்டி இறக்குவது என் வேலை. இறக்குவதைவிட எழுதுவதுதான் அதிகம். கயிறு எப்போது வாங்கியது, எத்தனை பேர் இறங்கினார்கள், ஹெல்மெட்டில் கீறல் உண்டா என்று தினமும் பதிவேட்டில் எழுத வேண்டும். பாறையில் கால் வைத்தே அறியாதவர்கள் போட்ட விதிகள் என்று நக்கலடித்துக்கொண்டே எழுதுவேன்.

ஒரு நாள் ஏற்றத்தில் ஜீப் குலுங்கியதில், பின்னால் வைத்திருந்த பழைய பேட்டரி சாய்ந்து ஆசிட் கொட்டிவிட்டது. பக்கத்திலேயே கயிறு. பட்டதா இல்லையா என்று தெரியவில்லை. ஆசிட் பட்ட கயிறு வெளியே பளபளவென்றிருக்கும், உள்ளே இழை செத்திருக்கும். அதனால் சந்தேகம் வந்தாலே துண்டு துண்டாக வெட்டி எறிய வேண்டும், முழுசாக யார் கைக்கும் போகக் கூடாது என்பது விதி.

கத்தியோடு உட்கார்ந்தபோது பூண்டு போடும் பக்கத்துத் தோட்டக்காரர் வந்தார். எங்கள் பாறைக்கு வழியே அவர் தோட்டத்து வரப்புதான். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

“புதுக் கயிறாட்டம் இருக்கு, இதப் போயி வெட்டுறீங்களே. பூண்டு மூட்டை கட்டவாச்சும் ஆகும், குடுங்க.”

“மூட்டைக்கு மட்டுந்தாங்க. ஆளு தொங்கக் கூடாது,” என்றேன்.

ஏன் கூடாது என்று சொல்லவில்லை. ஆசிட் கதையைச் சொன்னால், பேட்டரியைக் கயிற்றோடு சேர்த்து ஏற்றியது முதலாளி காதுக்குப் போய்விடுமோ என்ற பயம். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று கயிற்றைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, பதிவேட்டில் ‘வெட்டி அழிக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்தக் கோடையில் அவர் கிணற்று மோட்டார் குழாய் அடைத்துக்கொண்டது. அதே கயிற்றை இடுப்பில் கட்டி இறங்கியிருக்கிறார். பாதியில் அறுந்துவிட்டது. அடியில் முழங்கால் தண்ணீரும் பாறையும்தான். முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போயிற்று.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில்தான் எங்களுக்கு அனுமதி புதுப்பிக்க அதிகாரி வந்தார். பதிவேட்டைப் புரட்டியவர், “எல்லாரும் இப்படி வெச்சிருந்தா எங்களுக்கு வேலையே இல்லைங்க,” என்றார். நான் தலையாட்டினேன்.

தோட்டக்காரரை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு போய்ப் பார்த்தேன். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரே மெதுவாகச் சொன்னார்.

“வத்தலக்குண்டு சந்தையில வாங்குன கயிறுன்னுதான் எல்லார்ட்டயும் சொல்லிருக்கேன். வீட்லயும் அப்படித்தான். ஒங்க சோலிக்கு ஒண்ணும் வந்துறக் கூடாதுல்ல.”

கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே காறித் துப்பத் தோன்றுகிறது.

அவர் மனைவி காபி கொண்டுவந்தார். “அந்தக் கயித்தக் குடுத்தவன் கை வெளங்காமப் போகணும்ங்க,” என்றபடி தம்ளரை நீட்டினார். கட்டிலில் கிடந்தவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.