நான் அழித்த அடக்கப் பூசை

அன்பானவர்களே, ஒரு பெண் தன் தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க இருந்த ஒரே வழியை என் கட்டைவிரல் அழித்துவிட்டது.

போன தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. உப்பளம் பகுதியில் எங்கள் தெருவிலிருந்த ரோசலி அம்மாவின் அடக்கப் பூசை. மகள் செலின் பாரிஸில் நர்ஸ், லீவு கிடைக்கவில்லை. "லைவ் போடுங்கண்ணே. டூட்டில பாக்க முடியாது. சேவ் பண்ணி மட்டும் வெச்சிடுங்க" என்றாள். கோயில் பூசைகளை மொபைலில் லைவ் போடுவது நான்தான். என் தகுதி, வேறு யாரும் முன்வராதது.

எங்கள் பாதருக்கு ஒரு சட்டம் உண்டு. ஞாயிறு லைவ் முடிந்ததும் அழித்துவிட வேண்டும்; வைத்திருந்தால் ஜனங்கள் மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டே பூசை காண்பார்களாம். இரண்டு வருடம் கீழ்ப்படிந்து பழகிய விரல். அன்றும் லைவ் முடிந்ததும், சேமிக்கவா அழிக்கவா என்று ஆப் கேட்டது. பக்தியோடு அழித்தேன்.

பிறகுதான் உறைத்தது. எங்கு தேடியும் இல்லை. நாலு அலமாரி புத்தகம் படித்த மூளை ஒன்றுக்கும் உதவவில்லை. காணாமல்போனதைக் கண்டெடுத்துத் தரும் புனிதர் அந்தோணியாரின் சுரூபத்தின் முன் முழங்காலிட்டேன். அதுவரை அவரிடம் மூக்குக்கண்ணாடியைத் தவிர எதையும் தேடித்தரக் கேட்டதில்லை. "எனக்காக இல்லை, அந்தப் பிள்ளைக்காக" என்று அழுதேன்.

எழுவதற்குள் போன் அடித்தது. குருசுக்குப்பம் லட்சுமி. பெரிய மார்க்கெட்டில் மீன் விற்பவர். ரோசலி அம்மா அவரிடம்தான் வாங்குவார்.

"இன்னா சார், போனப் புடிச்சு அந்த ஆட்டு ஆட்டுறீங்க? எனக்குத் தல சுத்திடுச்சு."

"லைவ் பாத்தீங்களாம்மா?"

"கடைய உட்டு வர முடில. மீன் பொட்டி மேல போன வெச்சுக்கினு முழுசா பாத்தேன். கடை சத்தத்தோட ஸ்கிரீன் ரெகார்டும் இருக்கு."

"ரெகார்டா!"

"தெனம் துறைமுகத்து மீன் ஏலத்த எங்க ஆளு லைவ்ல காட்டுவாரு. ரெகார்டு போட்டுப்பேன். இல்லனா சொன்ன விலைய சொல்லலன்னுவாங்க. அதே பழக்கம், கை அமுக்கிடுச்சு."

அவருக்கும் விரல்தான், பழக்கம்தான். எவ்வளவு மேலான விரல்!

அதை வாங்கி செலினுக்கு அனுப்பினேன். என் குற்றத்தையும் சொன்னேன். மன்றாட்டுகளுக்கு நடுவே மார்க்கெட் கூச்சல் கலந்திருந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். பார்த்துவிட்டு அழுதுகொண்டே போன் செய்தாள்.

"அந்தச் சத்தத்த வெட்டிடாதீங்கண்ணே. அம்மாகூட மார்க்கெட் போன மாதிரி இருக்கு."

இப்போதெல்லாம் மாதாவுக்கு ஓர் அருள்நிறை மந்திரம் சொன்ன பிறகே அந்தப் பட்டனைத் தொடுகிறேன். அடக்கப் பூசைகளுக்கு மட்டும் பாதரும் சட்டத்தைத் தளர்த்திவிட்டார். கைமீறிப்போனது எதுவானாலும் நீங்களும் வெட்கப்படாமல் கேளுங்கள். ஆனால் வானத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். எனக்கு அருள் மீன் கடையிலிருந்து வந்தது. முதலில் நன்றாகத் திட்டிவிட்டுத்தான் கொடுத்தது.