பஸ் ஸ்டாப்பில் நின்றதற்கு ஒரு நன்றி

எங்கள் வேதக்கோயிலில் இருக்கிற மைக் செட்டும் மின்விசிறிகளும் நான் வாங்கிக் கொடுத்தவை. நாலாம் வகுப்போடு நின்றவன் நான். என் கையெழுத்து இன்றும் கோணல்தான். அந்தக் கோணல் கையெழுத்துக்கு ராஜபாளையத்தில் எந்த பேங்கிலும் மரியாதை உண்டு. விளைச்சலைக் கர்த்தருக்குப் படைக்கிற அறுப்பின் பண்டிகை வந்தால் எனக்கு நன்றி சொல்ல ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். நெஞ்சை நிமிர்த்தி வாங்கிக்கொள்வேன். ஆனால் என் ஆயுசில் முதல் நன்றியை நான் வாங்கியது ஒன்பது வயதில், பொத்தான் இல்லாத கால்சட்டையோடு.

அம்மா இறந்த மறு வருஷம் அப்பா சித்தியைக் கட்டிக்கொண்டு வந்தார். அவளுக்கு ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். அப்பாவுக்கு மில்லில் ஷிப்ட். வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் தூங்குவார். அடுக்களை அப்பாவின் அக்கா, என் அத்தை கையில். சித்தி ஒரு கரண்டியைத் தொட்டால் போதும். “அத வையி. அது செத்துப்போன மகராசி புழங்குனது” என்பாள் அத்தை. நாளெல்லாம் அந்த வீட்டில் சித்தியோடு யாரும் பேசியது என்றால் அவ்வளவுதான்.

மாதம் ஒருமுறை சித்தி தன் அண்ணன் வீட்டுக்குப் போய் மறுநாள் திரும்புவாள். வரும்போது பால்கோவா வாங்கி வருவாள். வீட்டுக்கு வந்துவிட்டால் அத்தை பங்கு வைப்பாள். பஸ் ஸ்டாப்பிலேயே பொட்டலத்தைப் பிரித்தால் முழுசும் எனக்கு. அதனால் தவறாமல் போய் நிற்பேன். தொழில் மூளை எனக்கு அப்போதே உண்டு.

அந்த வருஷம் அறுப்பின் பண்டிகைக்கு இரண்டு நாள் இருக்கும்போது சித்தி கிளம்பினாள். பை என்றைக்கும் இல்லாத கனம். நான்தான் தூக்கிப் போனேன். பெரிய பை என்றால் நிறைய வாங்கி வரலாம் என்று எனக்கு ஒரே குஷி.

“நாளைக்கு எந்த பஸ்ஸுக்கு வருவிய சித்தி?”

“நீ வந்து நிக்க வேணாம் ராசா. வெயிலு.”

“வெயிலு என்னைய ஒண்ணுஞ் செய்யாது. நான் நிப்பேன்.”

மறுநாள் நான் கிளம்பும்போது அத்தை மறித்தாள்.

“ஏலே, எங்க போற? இனிமே அவ எங்க வரப் போறா? கொடியில ஒரு சேலை கெடக்கா பாரு!”

“பால்கோவா வாங்கத்தான் பெரிய பை கொண்டு போயிருக்காக” என்றேன். அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள்.

மத்தியானத்திலிருந்து நின்றேன். வந்த பஸ்ஸில் எல்லாம் வேறு யார் யாரோ இறங்கினார்கள். தெருவிளக்கு போட்ட பிறகுதான் சித்தி இறங்கினாள்.

“எம்புட்டு நேரமா நிக்க?”

“பால்கோவா எங்க?”

“மறந்துட்டேன் ராசா.”

ஸ்ரீவில்லிபுத்தூரில் திரும்பின பக்கமெல்லாம் பால்கோவாக் கடை. அங்கே போய்விட்டு ஒருத்தி அதை மறப்பாளா? வீடு வரும்வரை நான் அவளோடு பேசவில்லை.

மறுநாள் ஞாயிறு, பண்டிகை. பாதிரியாரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். அவர் பிரசங்கத்தை முடித்துவிட்டு, “ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்ல நமக்குக் கூச்சமில்ல. கூட இருக்கிற மனுசருக்குச் சொல்லத்தான் நாக்கு எழும்பாது. இன்னைக்கு ஆளுக்கு ஒருத்தர்கிட்டப் போயி நன்றி சொல்லிட்டு, பொறவு காணிக்கையை வைங்க” என்றார்.

சபை திகைத்துப்போனது. புருஷன் பெண்டாட்டியிடமும் அக்கா தம்பியிடமும் நன்றி சொல்வது எங்கள் பக்கம் ஏது?  பிறகு ஒரு பெரியவர் எழுந்து ஐயரிடமே போய் “நன்றிங்கய்யா” என்றார். வழி கிடைத்துவிட்டது. கத்தரிக்காயும் கோழியுமாகச் சபையே ஐயர் முன்னால் வரிசை கட்டியது. அப்பா நடுவில், அவர் முதுகை ஒட்டி அத்தை. “எனக்கில்ல, எனக்கில்ல” என்று ஐயர் கையை ஆட்டினார். யார் கேட்டார்கள்?

சித்தி மட்டும் அந்த வரிசையில் சேரவில்லை. இடுப்பில் பூசணிக்காயோடு, பிள்ளைகள் உட்கார்ந்திருந்த பாய்க்கு வந்து என் முன்னால் குனிந்தாள்.

“நீ நின்னுக்கிட்டு இருப்பியேன்னுதான் நேத்து பஸ் ஏறுனேன். நன்றி ராசா.”

பக்கத்துப் பையன்கள் கெக்கலித்தார்கள். “சரி, அடுத்த தடவையாவது மறக்காம வாங்கிட்டு வாங்க” என்றேன். சித்தி சிரித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பூசணிக்காயைக் கொண்டுபோய் வைத்தாள்.

இப்போது என் பிள்ளைகள் வெளிநாட்டில். வீட்டில் கார் நிற்கிறது. ஆனாலும் மதுரைக்கு டாக்டரிடம் போனால் பஸ்ஸில்தான் திரும்புகிறேன். ஸ்டாப் நெருங்கும்போது ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பேன். பிறகு நானே பையைத் தூக்கிக்கொண்டு இறங்குவேன்.

அந்தப் பண்டிகை அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. ஐயருக்கு ஊரே வரிசையில் நின்றது, எனக்கென்று ஒரு ஆள் தனியாக வந்தது என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். அத்தனை பேர் இருந்த சபையில் நன்றி சொல்ல அவளுக்கு அகப்பட்டது, பால்கோவாவுக்காக நின்ற ஒரு பயல்தான் என்பது எனக்குப் பெருமையாக மட்டும்தான் இருந்தது.