கழுகு இல்லாத மெழுகுதிரித் தாங்கி

பலெர்மோவின் வெள்ளித் தட்டார் தெருவில் ஒரு சின்னக் கடை. யோகண்ணை வேலை செய்யும் வீட்டு எசமானி, சின்யோரா, தன் பழைய வெள்ளி மெழுகுதிரித் தாங்கிகள் இரண்டையும் எந்தத் தட்டார் குடும்பம் செய்தது என்று கேட்டுவர அவரை அனுப்பியிருக்கிறார். நானும் கூட வந்திருக்கிறேன்.

வயதான தட்டார் பூதக்கண்ணாடியால் பார்க்கிறார். ஒன்றின் அடியில் நகர முத்திரையான கழுகு இருக்கிறது. மற்றதில் இல்லை.

யோகண்ணை அதை வாங்கித் தானும் திருப்பிப் பார்க்கிறார். "ஏழு வருசமா நான்தான் மினுக்கிறன். கழுகைத் தேய்ச்சே அழிச்சுப்போட்டன் போல. வேலை போச்சு."

தட்டார் கதவைச் சாத்திவிட்டு வந்து, அவரிடம் தாழ்ந்த குரலில் இத்தாலியனில் நீளமாகப் பேசுகிறார்.

"என்னவாம்?" என்று கேட்கிறேன்.

"கழுகில்லாதது, சோடி சேர்க்க இவரின்ர பாட்டனார் செய்த போலியாம். முத்திரை குத்தப் பயந்திட்டாராம். வெளியில தெரிஞ்சா குடும்பப் பேர் கெட்டிடுமாம். மினுக்கித் தேய்ஞ்சதெண்டு சின்யோராவிட்டை என்னைச் சொல்லட்டாம். என்னில பிழையில்லை எண்டு கடுதாசியும் தாறாராம்."

"சொல்லப்போறியளோ?"

"ஓம். ஆனா இனி இதுகளை மினுக்கவே கூடாதெண்டும் எழுதவேணும்."

தட்டார் எழுதத் தொடங்குகிறார். யோகண்ணை எட்டிப் பார்த்து, வீட்டுக் கதவுகளின் பித்தளைக் கைப்பிடிகளையும் அதில் சேர்க்கச் சொல்கிறார்.