எங்கள் கிணற்றில் யப்பான்காரன்

கொழும்பிலும் திருகோணமலையிலும் யப்பான்காரன் குண்டு போட்ட பிறகு, கொழும்பில் உத்தியோகம் பார்த்தவர்கள் பெட்டி படுக்கையோடு யாழ்ப்பாணத்துக்கு ஓடி வந்தார்கள். என் மனைவியின் மச்சானும் அப்படி வந்தவர்தான். அவளுடைய தாய்மாமன் மகன். சிறு வயதில் அவளை அவருக்கென்றுதான் பேசி வைத்திருந்தார்கள். உத்தியோகம் கிடைத்ததும் அவர் பெரிய சீதனத்தோடு வேறிடத்தில் கலியாணம் செய்துகொண்டார். அவள் எனக்கு வாய்த்தாள். எங்கள் வீட்டில் இதை யாரும் பேசுவதில்லை. நான் மறந்ததுமில்லை.

அவர் நன்றாகக் கதைப்பார். நான் எட்டாம் வகுப்போடு தோட்டத்துக்கு வந்தவன். நாலு பேர் கூடினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவர் வந்தால் அவள் கொழும்புக் கடலைப் பற்றி, ட்ராம் வண்டியைப் பற்றி எல்லாம் கேட்பாள். என்னிடம் கேட்பதற்கு மாட்டுக்குத் தண்ணீர் வைத்தாயிற்றா என்பதைத் தவிர வேறு இருந்ததில்லை.

அந்தச் சித்திரையில் எங்கள் வீடு வேய்ந்தோம். வேய்கிற நாளில் அயலவர்கள் கூலி வாங்காமல் வந்து ஓலை கட்டித் தருவார்கள்; வீட்டுக்காரர் சோறு போட வேண்டும். பர்மா அரிசி நின்றுபோன காலம். சோற்றுக்குப் பதிலாக மரவள்ளிக்கிழங்கு அவித்துச் சம்பல் இடித்தோம். மரவள்ளி தின்ற அன்று இஞ்சியோ, அது காய்ந்த வேர்க்கொம்போ வாயில் படக்கூடாது, இரண்டும் சேர்ந்தால் நஞ்சு என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். அப்படியான நாளில் என் மனைவி வெறும் கோப்பித்தூளைத்தான் எடுப்பாள். மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து இடித்த நல்ல தூள், வருகிற ஆட்களுக்கென்று பிஸ்கற் வந்த தகரப் பேணியில் தனியாக இருக்கும்.

எல்லாரும் கிழங்கு தின்று முடிகிற நேரம் மச்சான் வந்தார். வீட்டில் சாப்பிட்டுவிட்டதாகச் சொல்லிக் கதிரையில் இருந்தார். நான் மறுபடி கூரைக்கு ஏறியிருந்தேன். குசினியின் பழைய ஓலையைப் பிரித்திருந்ததால் உள்ளே எல்லாம் தெரிந்தது. அவள் எட்டிப் பிஸ்கற் பேணியை எடுத்தாள். எனக்கு ஒருநாளும் அந்தப் பேணி திறபட்டதில்லை என்பதுதான் மனதில் ஓடியது. வேர்க்கொம்பை நினைக்கவேயில்லை. அவருக்குப் போட்ட கோப்பியையே எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்தாள்.

பின்னேரம் வேய வந்தவர்களில் பாதிப் பேர் வயிற்றைப் பிரட்டிச் சத்தி எடுத்தார்கள். நானும் வேலியைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். மச்சானுக்கு ஒன்றுமில்லை.

மறுநாள் வாசிகசாலையில் அவர்தான் விளக்கம் சொன்னார். போன கிழமை ஊருக்கு மேலால் போன பிளேனை எல்லோரும் கண்டோமல்லவா, யப்பான்காரன் கிணற்றுக்குள் நஞ்சு போட்டுவிட்டான் என்றார். "நான் குடிச்சது கொதிச்ச தண்ணி. நீங்கள் பச்சைத் தண்ணியும் குடிச்சனீங்கள். கணக்குச் சரியோ இல்லையோ?"

சந்திக் கடைக்காரர் கதர் கட்டுகிறவர், வெள்ளைக்காரன் போகவேண்டும் என்கிறவர். "யப்பான்காரனுக்கு எங்கடை கிணத்தோடை என்ன கோவம் தம்பி? வெள்ளைக்காரன் தானே போட்டிட்டு அவன்ரை தலையிலை கட்டுறான். சம்பளம் தாறவனுக்காக நீர் கதைக்கிறீர்."

"யப்பான்காரன் வந்தால் முதல் உம்மடை கடைக்குத்தான் வருவான், சீனி மூட்டையைத் தேடி" என்றார் மச்சான். எல்லாரும் சிரித்தார்கள். ஊர் இரண்டாகப் பிரிந்தது. ஊருக்குத் தலைமையான விதானையார் அரசாங்க ஆள். அவர் மச்சான் பக்கம் நின்றார். ஆஸ்பத்திரி அப்போதிக்கரி வந்து பார்க்கும்வரை யாரும் தண்ணீர் அள்ளக்கூடாது என்று கிணற்றுத் துலாவின் கயிற்றை அவிழ்த்து வைத்தார்.

அது நாலு வீட்டுக்குப் பங்கான கிணறு. எங்கள் மிளகாய்க் கன்றுகளுக்கு வேறு தண்ணீர் இல்லை. அப்போதிக்கரி வரவில்லை. சித்திரை வெயிலில் கன்றுகள் தலையைத் தொங்கப் போட்டன. அந்த வருடம் நாங்கள் சாப்பாட்டுக்கு நம்பியிருந்தது அந்தக் கன்றுகளை மட்டும்தான்.

"மச்சான் சொல்லுறதுதான் சரிபோலை கிடக்கு" என்றாள் மனைவி. "இல்லாட்டி நான் போட்ட சாப்பாட்டைத்தானே குறை சொல்லுவினம்." அவரைப் பற்றிச் சொல்லும்போது அவள் முகம் தெளிந்திருந்தது. கையில் இருந்த வாடிய கன்றைக் கீழே போட்டுவிட்டு, நாலு நாளாக நெஞ்சுக்குள் கிடந்ததைக் கேட்டேன்.

"பிஸ்கற் பேணியை ஏன் திறந்தனீர்?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் கேட்டது வேறு; அவளுக்கு விளங்கியது வேறு. மெதுவாக நிலத்தில் குந்தினாள்.

"ஐயோ, வேர்க்கொம்பு" என்றாள்.

பிறகு எழும்பி நேரே கிணற்றடிக்கு நடந்தாள். நான் பின்னால் போனேன். அங்கே இரண்டு கட்சியும் நின்று வாதாடிக்கொண்டிருந்தன. அத்தனை ஆம்பிளைகளுக்கும் முன்னால், பேணி மாறிப்போனது, பிழை தன்னுடையது என்று சொன்னாள். ஒருவரும் ஏற்றுக்கொள்ளவில்லை. வேர்க்கொம்புக் கதை படிக்காத சனங்களின் கதை என்றார் மச்சான். யாரோ இந்தப் பிள்ளையை வெருட்டிச் சொல்ல வைத்திருக்கிறார்கள் என்றார் கடைக்காரர். அந்த இருவரும் ஒன்றாகத் தலையாட்டியதை அன்றைக்குத்தான் கண்டேன்.

அவள் கயிற்றை எடுத்துத் துலாவில் கட்டி ஒரு வாளி அள்ளினாள். வாளியை வாய்க்குத் தூக்கும்போது மச்சான் ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சின்ன வயதில் அவர்கள் வீட்டில் அவளுக்கு வைத்த செல்லப் பெயராக இருக்கவேண்டும், நான் கேள்விப்பட்டதேயில்லை.

"குடியாதை. சொல்லுறதைக் கேள்" என்றார்.

அவள் கை நின்றது. அவர் சொன்னதற்காகத்தான் நின்றது. நான் போய் வாளியைப் பறித்து, சட்டையெல்லாம் நனைய, மூச்சு முட்டக் குடித்தேன். தைரியம் என்று அயலவர்கள் பிறகு சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. மிச்சத்தை அவள் வாங்கிக் குடித்தாள்.

அடுத்த நாள் காலையில் நாங்கள் இருவரும் நடமாடித் திரிவதைக் கண்டுவிட்டு விதானையார் தடையை விட்டுவிட்டார். கன்றுகளில் பாதி தப்பின. வாசிகசாலையில் மட்டும் யுத்தம் முடியும்வரை எங்கள் கிணற்றில் ஒருநாள் யப்பான்காரன் நஞ்சு போட்டான், மறுநாள் வெள்ளைக்காரன் போட்டான்.

என் மனைவியை நான் பெயர் சொல்லாமல் கூப்பிடுவது "இஞ்சரும்" என்றுதான். துலா மிதிக்கும்போது, பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால், அந்தச் செல்லப் பெயரைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது அவருடைய குரலில்தான் வருகிறது.