விளக்கு வைக்கும் நேரம்

ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டபின் பூந்தமல்லியில் லாரி கிளீனர், அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை, ஒரு மெஸ் என்று எங்கும் நிலைக்காமல் சுற்றிய எனக்கு, கோவில்பதாகையில் ஒரு மாவுக்கடையில் எழுத்தாளர் வேலை கிடைத்தது. சேர்ந்தது என்னவோ கிரைண்டர் கழுவத்தான். எந்நேரமும் போனை நோண்டுகிறேன் என்று திட்டிய கடைக்கார அக்கா, அதைக் கடைக்காக நோண்டச் சொன்னார். அவர் வீட்டின் முன்னறைதான் கடை. நான் படுக்க, மாடியில் தகரக் கூரை போட்ட அறை. வெயில் காலத்தில் அதில் இட்லி வேகும். அதற்கு முன் ஆவடி ஸ்டேஷனில் படுத்தவன் என்பதால் எனக்குப் புகார் இல்லை.

அக்காவின் குடும்பம் நெல் விளைத்த நிலத்தில்தான் எதிரே அடுக்குமாடி நிற்கிறது. அங்கே குடியிருக்கும் ஐ.டி. ஆட்கள் பாக்கெட் மாவை ஆப்பில் வரவழைத்தார்கள். பொங்கல் வரை பார்ப்பது, தேறாவிட்டால் கடையை மூடி, முன்னறையையும் மாடியையும் சேர்த்து வாடகைக்கு விடுவது என்று அக்கா முடிவு செய்திருந்தார். ஆகவே மிகுந்த இலக்கிய ஆர்வத்தோடு எழுதத் தொடங்கினேன்.

முதலில் ரோஜாப்பூ படம் போட்டுக் காலை வணக்கம். பிறகு உளுந்தின் மருத்துவ குணம் பற்றி ஒரு பிளாக். என் வாழ்நாளில் எழுதிய நீண்ட கட்டுரை அதுதான். படித்தவர்கள் நானும், லோன் வேண்டுமா என்று கீழே கேட்டிருந்த ஒருவரும். அடுத்து, மாவு பொங்கி வழிவதை வீடியோ எடுத்துப் போட்டேன். அது ஓடியது. அடுக்குமாடிக்காரர்கள் வேலை முடிந்து, இருட்டிய பிறகு, பாத்திரத்தோடு வந்தார்கள்.

அக்கா கொடுக்கவில்லை. விளக்கு வைத்த பிறகு உப்பு, தயிர், மாவு எதையும் வெளியே கொடுப்பது அவர்கள் வீட்டு வழக்கமில்லை. லட்சுமி கூடவே போய்விடுவாளாம். கடைச் சுவரில் இருந்த மாடத்தில் ஆறு மணிக்கு விளக்கு ஏறினால் வியாபாரம் முடிந்தது. அவர்கள் வருவதே அதற்கப்புறம்தான் என்று சொல்லிப் பார்த்தேன்.

"அதுக்கு நான் இன்னா பண்றது நைனா? சீக்கிரமா வேலைய முடிச்சிகினு வரச் சொல்லி எழுது."

அந்த வழக்கத்தையே பெருமையாக எழுதினேன். வியாபாரத்துக்காக மரபை விற்காத கடை என்று தலைப்பு. லைக்குகள் குவிந்தன. அமெரிக்காவிலிருந்தெல்லாம் கும்பிட்டார்கள். மாவு குண்டானிலேயே புளித்தது. மீந்ததை நானும் அக்காவும் மூன்று வேளையும் தோசையாகத் தின்றோம்.

மார்கழியில் ஒரு மாலை கிரைண்டர் மக்கர் செய்ததால் விளக்கு வைக்கத் தாமதமாகிவிட்டது. அக்கா தீப்பெட்டியோடு மாடத்தின் முன் நின்றபோது, எதிர் அடுக்குமாடியில் குடியிருக்கும் ஒரு பெண் ஆபீஸ் பையோடு வந்தாள். பதிவைப் படித்தவள். அவள் மாவு கேட்கவில்லை. விளக்கைப் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். அக்கா மாடத்தைப் பார்த்தார். நிறைந்திருந்த குண்டானைப் பார்த்தார். தீப்பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"வெளக்கு இன்னும் வெக்கலமா. மாவு எவ்ளோ வோணும்?"

அன்று கடை மூடும்போதுதான் விளக்கு எரிந்தது. ஊரெல்லாம் படித்த என் பதிவை இனி என்ன செய்வது என்று கேட்டேன்.

"வெளக்கு வெச்சப்புறம் குடுக்க மாட்டேன்னுதானே எழுதின? எப்போ குடுத்தேன்?"

இப்போது தினமும் மாலையில் ஒரே வரிதான் எழுதுகிறேன்: 'இன்று விளக்கு வைக்கும் நேரம் இரவு ஒன்பதரை.' என் எழுத்தில் இதற்கு மட்டுமே நிலையான வாசகர்கள் உண்டு. பொங்கல் போய்விட்டது. தகரம் சுட ஆரம்பித்திருக்கிறது. போன வெள்ளிக்கிழமை அண்ணனூரில் மின்சார ரயில் நின்றுவிட்டதால், அதில் வருகிறவர்கள் வந்து மாவு வாங்கும் வரை லட்சுமி இருட்டிலேயே காத்திருந்தாள்.